கேஎல் நம்பர் கார் மலிவா கிடைக்குதா? குமரி மாவட்டத்தினர் கவனிக்க வேண்டியது என்ன?

மார்த்தாண்டத்தில் இருந்து நாகர்கோவிலுக்கு தினமும் வேலைக்குப் போக ஒரு பழைய ஆல்டோ போதும் என நினைப்பவர்களின் கண், திருவனந்தபுரம் பக்கமும் போகிறது. ஆனால், பேசி முடிக்கும் விலையோடு செலவு முடிவதில்லை.

கேஎல் நம்பரோடு ஓட்டலாமா?

தற்காலிகமாக ஓட்டலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவின்படி, வேறு மாநில வாகனம் 12 மாதங்களுக்கு மேல் இங்கேயே இருந்தால் புதிய பதிவெண் வாங்கியாக வேண்டும். அதற்கு பழைய ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று வேணும். தமிழ்நாட்டுக்கான வாகன வரியும் கட்டணும்.

ஆர்சியில் பெயர் மாற்றாவிட்டால்?

விபத்து நடந்தால், ஆர்சியில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் பெயர் மாற்றம் விற்பவருக்கும் பாதுகாப்பு. 'அப்புறம் பாத்துக்கலாம்' என இழுத்தடித்தால் உஷார். இன்சூரன்ஸும் உங்கள் பெயருக்கு மாறணும். இல்லாவிட்டால், உங்கள் காரின் சேதத்துக்கு க்ளெய்ம் கேட்கும்போது சிக்கல்தான்.

எத்தனை வருட காரை வாங்கலாம்?

சொந்த காருக்கு முதல் பதிவு 15 ஆண்டுகள். 12 வருட கார் என்றால், 3 ஆண்டுகளில் எஃப்சி, பதிவு புதுப்பிப்பு செலவு வந்துவிடும்.

முன்பணம் கொடுக்கும் முன் பரிவாகன் தளத்தில் கடன் நிலுவை, அபராதம் இருக்கிறதா எனப் பாருங்கள். வரி, பதிவுச் செலவைக் கூட்டிய பிறகும் உள்ளூர் டிஎன் 74, டிஎன் 75 காரைவிட விலை குறைவா? அப்போதுதான் அது மலிவு.