ஊட்டுவது யார்?

"கயிறு அவிழ்ந்து கன்று ஊட்டிவிட்டது, ஆகையால் இன்று பால் இல்லை." கோவில்பட்டிப் பக்கத்து மாணவன் ஒருவன் கட்டுரையில் இப்படி எழுதியிருந்தான். ஊட்டுகிறவள் தாயல்லவா என்று நாம் சிவப்பு மையால் அடித்துவிட்டோம்.

இலக்கணம் நம் பக்கந்தான். காண் என்பது காட்டு என்று ஆவதுபோல, உண் என்பது ஊட்டு என்று ஆகிறது. உண்ணச் செய்தல் என்பது பொருள். பாலை உண்பதும் உண்டோ எனில், திருக்குறளில் கள்ளுண்ணாமை என்றே ஓர் அதிகாரம் இருக்கிறதே! 1758-இல் லின்னேயஸ் என்னும் ஸ்வீடன் தேசத்து அறிஞர், லத்தீனில் முலையைக் குறிக்கும் சொல்லைக் கொண்டு ஒரு பிராணி வகுப்புக்குப் பெயரிட்டார். தமிழிலோ செயலைக் கொண்டு, பாலூட்டி என்கிறோம்.

ஆனால் கரிசல் காட்டுச் சம்சாரியின் தொழுவத்தில் வேறொரு நியாயம் உண்டு. கன்று மடியை முட்டிச் சப்பிய பிறகே பசுவுக்குப் பால் சுரக்கிறது. அதன் பிறகே கறக்க உட்காருகிறார்கள். இருவரும் சேர்ந்து செய்கிற காரியம் அது. அவ்வூர்ப் பேச்சில் தாயும் ஊட்டுகிறாள், கன்றும் ஊட்டுகிறது.

இத்தகைய வீட்டுச் சொற்களையே இடைசெவல் கி. ராஜநாராயணன் திரட்டி, 1982-இல் வட்டார வழக்குச் சொல்லகராதியாக வெளியிட்டார். நாம் அடித்துக்கொண்டே போனால் பிள்ளைகள் அவற்றை எழுதவே அஞ்சுவார்கள். அந்த மாணவனுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.