பிட்டும் பாடபேதமும்

ராம்ஸே சகோதரர்களின் பேய்ப் படங்களைக் காசு கொடுத்து ப்ளூ-ரே தகடாக வாங்கியதற்காக இரண்டு நண்பர்கள் என்மேல் கோபமாக இருக்கிறார்கள். ஒருவர் கவிஞர், மற்றவர் விமர்சகர். தனித்தனியே கடிதம் எழுதுவதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன்.

சமாச்சாரம் இதுதான். மோண்டோ மக்காப்ரோ என்று ஒரு வெளிநாட்டு நிறுவனம், பீட் டூம்ஸ் என்பவர் தொடங்கியது. உலகத்தின் எந்த மூலையில் எந்தக் கண்ணியவானும் பேர் சொல்லத் தயங்கும் படம் இருந்தாலும் தேடிப் பிடித்து வெளியிடுவது அதன் வேலை. ராம்ஸேக்களின் 'புரானா மந்திர்' (1984), 'பந்த் தர்வாஸா' (1990) இரண்டையும் முதலில் டிவிடியாகவும், பிற்பாடு வேறு சிலவற்றோடு சேர்த்து ப்ளூ-ரே பெட்டியாகவும் கொண்டுவந்தது. பம்பாயில் ஒரு குடும்பமே கூடி, சொற்பச் செலவில், பேயும் குளியலும் அசட்டுச் சிரிப்புமாக எடுத்துச் சிற்றூர்களில் ஓட்டிய படங்கள். கவிஞரின் வாதம்: குப்பையைத் துடைத்தால் துடைத்த குப்பைதான் மிஞ்சும். விமர்சகர் இன்னும் நாகரிகமானவர். அரவிந்தனின் 'தம்பு' (1978) புதுப்பிக்கப்பட்டு 2022-இல் கான் போனது, உதயசங்கரின் 'கல்பனா' (1948) மீட்கப்பட்டது, அதோடு நிறுத்திக்கொள்ளலாமே என்கிறார்.

இருவரும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள். ரசனைத் தீர்ப்பையும் பாதுகாப்பையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள். 'புரானா மந்திர்' நல்ல படம் என்று நான் எங்கும் சொல்லவில்லை, இனியும் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒரு படம் மட்டம் என்று சொல்வதற்குக்கூட அந்தப் படம் இருந்தாக வேண்டும்.

என் ஊர் திண்டுக்கல். இங்கிருந்து நிலக்கோட்டை பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள். பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே கூளப்ப நாயக்கன் என்று ஒரு பாளையக்காரர். அவர் பேரில் சுப்பிரதீபக் கவிராயர் ஒரு 'காத'லும் ஒரு 'விறலிவிடு தூ'தும் பாடினார். விறலிவிடு தூது என்ன செய்யும் என்பது இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களுக்குத் தெரியும்: தாசி வீட்டில் பொருளை இழந்தவனின் கதையைச் சொல்லுகிற சாக்கில் சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லும். காசு கொடுக்கிற இடத்துக்குத் தகுந்தபடி, சரக்கு இன்னதென்று தெரிந்து செய்த சிருஷ்டி. இன்றைய பாஷையில் இது சுரண்டல் சினிமாதான். வெட்கப்பட்டு யாராவது அந்த ஏடுகளை ஆற்றில் விட்டிருந்தால், நாயக்கர் காலத்து ஜமீன் வாழ்க்கை பற்றி நம் கட்டுரையாளர்களுக்கு இவ்வளவு அடிக்குறிப்பு கிடைத்திருக்காது. உ.வே.சா. 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பித்தபோதும் சமணக் காவியம் சைவருக்கு எதற்கு என்ற முணுமுணுப்பு இருந்தது. நமக்கு இது எல்லாம் ஓலையில் புரிகிறது, ஸெல்லுலாய்டில் புரிவதில்லை.

ஓலையைவிட மோசமான பொருள் இது. அஸிட்டேட் சுருள் ஈரமும் உஷ்ணமும் சேர்ந்தால் அழுகத் தொடங்குகிறது. காடி நாற்றம் வரும், சுருங்கும், வளையும். வெளிவரும் அமிலமே மேலும் அழுகலை விரைவுபடுத்தும். கறுப்பு-வெள்ளைப் பிரதிகளைக் கழுவி வெள்ளி எடுத்தார்கள். எழுபதுகளின் ஈஸ்ட்மன்கலர் பிரதிகளில் நீலச்சாயம் முதலில் போய்விடும். மிஞ்சுவது ரோஸ் நிற வானம், ரோஸ் நிற மரம், ரோஸ் நிறக் குதிரை. ரோஸ் நிறக் குதிரைகளை நான் இணையத்தில் நிறையப் பார்த்துவிட்டேன். ஒளிப்பதிவாளராயிருந்து இயக்குநரான கர்ணன், ஜெய்சங்கரைக் குதிரைமேல் ஏற்றி எடுத்த வண்ணப் படங்கள் இதைத் தவிர வேறு எந்த நிறத்தில் இருந்தன என்று இன்று முப்பது வயதுக்காரனுக்கு நான் எப்படி நிரூபிப்பது? மூலையில் ஏதோ சானலின் முத்திரை. தலைப்பு அட்டைகள் பாதி வெட்டுப்பட்டு ஓடுகின்றன. சினிமாஸ்கோப் படமென்றால் டெலிவிஷன் பெட்டிக்காக நறுக்கியதில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் சட்டகத்துக்கு வெளியே போய்விட்டது. இதைப் பார்த்துவிட்டுத்தான் நம் விமர்சகர்கள் "காட்சி உணர்வே இல்லாத சினிமா" என்று எழுதுகிறார்கள். முதலில் காட்சி முழுதாக இருக்கட்டும் ஐயா.

வீட்டு வீடியோ இங்கே வராமல் இல்லை. 2007-இல் மோசர் பேர் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியபோது நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் மலிவுப் பதிப்பு வேறு, பதிப்பு வேறு. பழைய வீடியோ நாடாவிலிருந்து தகட்டுக்கு மாற்றுவதற்கும், மூல நெகடிவை எடுத்து, கழுவி, கிழிசல் ஒட்டி, ஒவ்வொரு சட்டகமாக ஸ்கேன் செய்வதற்கும் உள்ள தூரம், பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதைக்கும் சிந்தாமணிப் பதிப்புக்கும் உள்ள தூரம். தமிழில் அப்படிச் செய்யப்பட்டது எது? சிவாஜியின் 'கர்ணன்' (1964) 2012-இல் மெருகேறி வந்து நன்றாக ஓடியது. நல்லது. அதற்குக் காசு போட ஆள் கிடைக்கும். இந்தக் கர்ணனுக்கு?

இனி என் உண்மையான கேள்விக்கு வருகிறேன். இதில் மேல்நாட்டு மீட்பர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. அவர்கள் தேடுவது மூல நெகடிவ். அதுதான் உண்மையான படம் என்பது அவர்களின் நம்பிக்கை. எங்கள் ஊர்ப்பக்கம் ஓடிய படத்துக்கு இது பொருந்தவே பொருந்தாது. விட்டலாச்சாரியாவின் 'ஜெகன்மோகினி' (1978) தெலுங்குப் படம். ஜெயமாலினி தன் காலையே அடுப்பில் விறகாக வைத்துச் சமைத்ததைக் கொட்டகை மணலில் உட்கார்ந்து வாய்பிளந்து பார்த்தவர்களுக்கு அந்தப் பேய் தமிழில்தான் பேசியது. நாளைக்கு யாராவது தெலுங்கு நெகடிவைப் பளிங்குபோலத் துடைத்துத் தந்தால், அதில் எங்கள் பேயின் குரல் இருக்காது. டப்பிங் ஒலிச்சுருளைத் தேட யாருக்குத் தோன்றும்?

பிட் விஷயம் இன்னும் சிக்கலானது. ஐ.வி. சசியின் 'அவளுடெ ராவுகள்' (1978) ஒரு வேசியின் வாழ்வைப் பற்றிக் கௌரவமாகவே எடுக்கப்பட்ட படம். தமிழ்நாட்டு ஊர்களில் அது என்னவாக விற்கப்பட்டது என்பது போஸ்டர் பார்த்தவர்களுக்கு ஞாபகமிருக்கும். அதற்குப் பின்னால் வந்த காலைக்காட்சிப் படங்களில், சென்ஸார் சர்ட்டிபிகேட் சொன்ன நீளம் ஒன்று, ஆபரேட்டர் ஓட்டிய நீளம் வேறு. இடைவேளைக்குச் சற்று முன்னோ பின்னோ, கதைக்குச் சம்பந்தமில்லாத முகங்கள், வேறு நிறம், வேறு வெளிச்சம், ஒலியே இல்லாமல் இரண்டு மூன்று நிமிஷம். பிறகு மறுபடியும் கதாநாயகனின் தாயார் அழுவாள். ஊருக்கு ஊர் பிட் மாறும். ஒரே ஊரில் கிழமைக்குக் கிழமை மாறும். போலீஸ் வருகிறது என்று தெரிந்தால் காணாமலே போகும். இந்தப் படத்தின் மூலப்பிரதி எது?

ஏட்டுச்சுவடி படித்த இனத்துக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. இதற்கு நம்மிடம் வார்த்தை இருக்கிறது: இடைச்செருகல். கம்பனில் இடைச்செருகலைக் களைய எத்தனை பேர் எத்தனை வருஷம் உழைத்தார்கள்! களைந்ததையும் எறிந்துவிடாமல் பின்னால் மிகைப்பாடல் என்று அச்சிட்டார்கள். பாடபேதத்தை அடியில் கொடுத்தார்கள். அந்த ஒழுங்குதான் இங்கேயும் வேண்டும். சென்ஸார் அனுமதித்த படம் ஒரு பாடம். திண்டுக்கல் ஆபரேட்டர் வெட்டி ஒட்டியது இன்னொரு பாடம். பின்னதை வக்கிரம் என்று ஒதுக்கிவிட்டு முன்னதை மட்டும் மெருகேற்றித் தருவது, நடக்காத ஒரு காட்சிக்குச் சாட்சி சொல்வதாகும்.

விமர்சகர் இதற்கு ஒரு கேள்வி வைத்திருக்கிறார், அது அலட்சியப்படுத்தக்கூடியதல்ல. அந்த மூன்று நிமிஷத்தில் இருக்கும் பெண் யார்? அவளைக் கேட்டா எடுத்தார்கள்? இப்போது நான்கு மடங்கு தெளிவாக அவளைக் காட்டுவதற்கு யார் அனுமதி தந்தது? நியாயம். இதற்கு என்னிடம் சௌகரியமான பதில் கிடையாது. காப்பது வேறு, கடையில் விற்பது வேறு என்பதுவரைதான் நான் போகத் தயார். பிட்டைத் தகட்டில் போட்டு விற்காதே. ஆவணக் காப்பகத்தில் பூட்டிவை. இருந்தது என்று எழுதிவை. ஆனால் அந்தப் பெண்ணுக்காகப் பரிந்து பேசுகிற அதே வாய், மற்றப் படங்களின் தலைப்பு அட்டை வெட்டுப்படும்போது ஏன் பேசுவதில்லை? டூப் போட்டுக் குதிரையிலிருந்து விழுந்தவர்கள், குழுநடனத்தில் நின்றவர்கள், இவர்களில் யாருடைய பெயராவது எங்காவது இருக்கிறதென்றால் அது அந்த அட்டையில்தான் இருக்கிறது.

இன்னொரு கோஷ்டியையும் விட்டுவிடக் கூடாது. படு மட்டம், ஆகையால் பிரமாதம் என்று கூடிச் சிரிக்கிறவர்கள். ராம்ஸே பெட்டியை வாங்குகிறவர்களில் பாதி இவர்கள்தான் என்பது என் ஊகம். கவிஞரின் கோபத்தைவிட இவர்களின் பிரியம் எனக்கு அருவருப்பு. கவிஞராவது படத்தை எதிரியாக மதிக்கிறார். இவர்களுக்கு அது கொறிக்கிற கடலை. இருந்தாலும் அவர்கள் கொடுக்கிற காசில்தான் நெகடிவ் ஸ்கேன் ஆகிறது. நம்முடைய நல்ல ரசனை இதுவரை ஒரு ரீலைக்கூடக் காப்பாற்றவில்லை.

நம்முடைய என்று சொன்னேன். வத்தலக்குண்டுக்காரரான சி.சு. செல்லப்பா 1959-இல் ஆரம்பித்து 1970 வரை நடத்திய 'எழுத்து' இன்று படிக்கக் கிடைக்கிறதென்றால், சிலநூறு பேர் மட்டும் படித்த காகிதத்தை யாரோ எடைக்குப் போடாமல் வைத்திருந்ததால்தான். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகத்தோடு புத்தகமாகச் சினிமாப் பாட்டுப் புஸ்தகமும் நோட்டீஸும் சேர்த்தபோது தரம் பிரித்துக்கொண்டிருக்கவில்லை. அவர் சேகரத்தின்மேல்தான் 1994-இல் சென்னையில் அந்த நூலகமே எழுந்தது.

2010-களில் சென்னை லேபுகள் படச்சுருள் வேலையை நிறுத்தியதோடு நெகடிவுகளுக்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று. ஊர்ப்புறத்தில் மிஞ்சியிருப்பது பழைய ஆபரேட்டர்களின் பரணில் ஒன்றிரண்டு டப்பா. இதைப் படிக்கிறவர் யாருக்காவது பழனி, ஒட்டன்சத்திரம், நத்தம் பக்கம் அப்படி ஒன்று அகப்பட்டால், ஓட்டிப் பார்க்கலாம் என்று பிரித்து இழுக்க வேண்டாம். காடி நாற்றம் அடிக்கிறதா என்று முகர்ந்து பாருங்கள். அடித்தால் மற்ற டப்பாக்களிலிருந்து தள்ளி வையுங்கள். மூடியை இறுக்கி டேப் சுற்றாதீர்கள், உள்ளே அமிலம் தங்கும். வெயில் படாத, காற்றோட்டமான, தரையிலிருந்து உயர்ந்த இடம் போதும். டப்பாமேல் பென்சிலில் எழுதியிருப்பதை அழிக்காமல் அப்படியே ஒரு காகிதத்தில் படியெடுத்து எனக்கு அனுப்புங்கள். எந்தக் கொட்டகையில், எந்த வருஷம், எந்த ரீலுக்குப் பிறகு எது ஒட்டப்பட்டது என்பதை அந்த ஆபரேட்டர் சொன்னால், அவர் சொன்ன வார்த்தையிலேயே.