வாலில் பட்ட அடி

2025-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 8-ந் தேதி மும்பையிலிருந்து சென்னைக்கு வந்த இண்டிகோ ஆகாய விமானம் ஒன்று, மீனம்பாக்கத்தில் இறங்கும்போது தன் வாலைத் தரையில் இடித்துக்கொண்டது. பிரயாணிகளுக்கு ஓர் அபாயமும் நேரவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று எண்ணி, பத்திரிகையின் அடுத்த பக்கத்தைப் புரட்டியவர்களே அதிகம் இருப்பார்கள்.

திருப்பூர் வட்டாரத்து நேயர்கள் மட்டும் அவ்வாறு புரட்டிவிடலாகாது என்பது நமது அபிப்பிராயம். பனியன் வியாபாரிகளுக்கு ஆகாய விமானம் இப்போது பஸ் மாதிரி ஆகிவிட்டது. காலையில் பீளமேட்டில் ஏறுகிறார்கள். பகலில் சென்னையிலோ மும்பையிலோ காரியத்தை முடித்துக்கொண்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிறார்கள். ஆகவே வாலின் சமாசாரம் அவர்கள் வீட்டுச் சமாசாரமே.

விமானம் இறங்கும்போது மூக்கைச் சற்று நிமிர்த்திக்கொண்டு, பின்சக்கரங்களை முதலில் தரையில் வைக்கிறது. மூக்கு நிமிர நிமிர வால் தாழும். வேகம் மிகக் குறைந்துபோனாலோ, சக்கரம் பட்டதும் விமானம் துள்ளி எழுந்தாலோ, விமானி மூக்கை அளவுக்கு மிஞ்சித் தூக்கிவிடுவதுண்டு. அப்போது வால் ஓடுபாதையை உரசும். உடல் நீளமான விமானத்துக்கு இந்தத் தொல்லை அதிகம். ஏர்பஸ் ஏ-320 ரகத்தின் நீளம் சுமார் 37½ மீட்டர். அதன் அண்ணனாகிய ஏ-321 சுமார் 44½ மீட்டர். சென்னையில் இடித்துக்கொண்டவர் அண்ணன்தான். 2023-இல் ஆறே மாதங்களில் அந்தக் கம்பெனியின் ஏ-321 விமானங்கள் நான்கு முறை வாலை இடித்துக்கொண்டன. சர்க்காரின் விமானப் போக்குவரத்து இலாகா சோதனை செய்து, பயிற்சி முறைகளிலும் எஞ்சினீயரிங் முறைகளிலும் குறை கண்டு, 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது.

வால் இடித்த அன்று பெரும்பாலும் யாரும் சாவதில்லை. அபாயம் அதன் பிறகுதான் ஆரம்பமாகிறது. 1978-ஆம் வருஷம் ஜூன் 2-ந் தேதி ஜப்பான் தேசத்து ஒஸாகா நகரில் ஒரு போயிங் 747 விமானம் இறங்கும்போது வாலை இடித்துக்கொண்டது. பிரயாணிகள் அறைக்குப் பின்னால், உள்ளே அடைபட்ட காற்றைத் தாங்கி நிற்கும் உலோகத் தடுப்பு சேதமடைந்தது. விமானத்தைச் செய்த கம்பெனியாரே வந்து ரிப்பேர் செய்தார்கள். ஆனால் ஒரே தகடாக வைத்து இணைக்க வேண்டிய இடத்தில், தகட்டை இரண்டாக வெட்டி வைத்துவிட்டார்கள். அதன் பலனாக, இரண்டு வரிசை ரிவெட்டுகள் தாங்க வேண்டிய பாரம் ஒரே வரிசையின் மேல் விழுந்தது. வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. விமானம் மேலும் பன்னிரண்டாயிரம் தடவைக்கு மேல் பறந்தது. 1985-ஆம் வருஷம் ஆகஸ்டு 12-ந் தேதி டோக்கியோவிலிருந்து புறப்பட்ட சிறிது நேரத்தில் அந்தத் தடுப்பு வெடித்துப் பிளந்தது. வாலின் செங்குத்துப் பகுதி பிய்ந்து போயிற்று. விமானத்தைத் திருப்பும் சாதனங்கள் யாவும் செயலற்றுப் போயின. சுமார் 32 நிமிஷம் தடுமாறிப் பறந்து, மலையில் மோதியது. இருந்த 524 பேரில் 520 பேர் மாண்டார்கள்.

இதைத் திருப்பூர்க்காரர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. இரண்டு தையல் போட வேண்டிய தோள்பட்டையில் ஒரே தையல் போட்டாலும் பனியன் இஸ்திரியில் அழகாகவே மடியும், பெட்டியிலும் ஏறும், கப்பலிலும் போகும். பத்தாவது சலவையில்தான் பிரியும். இங்கே போவது ஒரு பனியன். அங்கே போனது 520 உயிர்.

1980-இல் ஹாங்காங்கில் வாலை இடித்துக்கொண்ட இன்னொரு 747-க்கும் சரிவர ரிப்பேர் செய்யவில்லை. 22 வருஷம் கழித்து, 2002-இல், அது தைவான் ஜலசந்தியின் மேல் நடுவானில் சிதறி 225 பேர் இறந்தார்கள்.

ஆகவே, வால் உரசினால் உடனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னபின் விதிப்படி முழுக்கச் செப்பனிட வேண்டும். 2023-இல் ஆமதாபாத்தில் இறங்கும்போது வாலை இடித்த விமானத்தின் தலைமை விமானிக்கு மூன்று மாதமும், துணை விமானிக்கு ஒரு மாதமும் லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள். நடைமுறை தவறியது விசாரணையில் தெரிந்தபின் விதித்த தண்டனை இது. இதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் சொன்னதற்கே தண்டனை என்ற பயம் ஒரு தொழிலில் புகுந்துவிட்டால், அப்புறம் யார் சொல்வார்கள்? கண்ட பழுதுக்கெல்லாம் கூலியைப் பிடிக்கும் முதலாளியிடம், பழுதான பனியன் கட்டின் நடுவிலே ஒளிந்துகொண்டு வந்து சேரும். இது செக்கிங் மேஜையருகே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரிந்த சங்கதி.

தண்டனை விவரம் பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் வருகிறது. பழுதைப் பார்த்தவர் யார், பார்த்த வேலையை மறுபடி சரிபார்த்தவர் யார் என்பதும் அதே எழுத்தில் வர வேண்டும். டிக்கெட்டுக்குப் பணம் கொடுக்கும் ஜனங்கள் இவ்வளவு கேட்பது நியாயமே.