சுவரில் தொங்கும் பார்மசிஸ்ட்

நீட் மதிப்பெண் வந்த மறுநாள் தம்பி மகள் போன் செய்தாள். “பி.பார்ம் சேரலாமா பெரியப்பா?” எம்.பி.பி.எஸ். எட்டாது என்று தெரிந்துவிட்டது. கால்நடை மருத்துவத்துக்குக் கட்-ஆஃப் போதாது. நர்சிங் வேண்டாம் என்று அவள் அம்மா சொல்லிவிட்டாள். மிச்சம் இருந்தது பார்மசி. நம் வீடுகளில் இந்தப் படிப்பு பெரும்பாலும் இந்த வரிசையின் கடைசியில்தான் வந்து நிற்கிறது.

உடனே பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் தெருமுனை மெடிக்கல் ஷாப் நினைவுக்கு வந்ததுதான் காரணம். அந்தக் கடைச் சுவரில் சட்டம் போட்ட பதிவுச் சான்றிதழ் ஒன்று தொங்குகிறது. அதில் ஒட்டியிருக்கும் புகைப்படத்து இளைஞரைப் பத்து ஆண்டுகளில் ஒரு முறைகூட நான் நேரில் பார்த்ததில்லை. மருந்து எடுத்துக் கொடுப்பவர், டாக்டர் கையெழுத்தைப் படித்துப் படித்தே தொழில் பழகிய ஓர் அண்ணன். சான்றிதழ்க்காரருக்கு மாதாமாதம் ஒரு தொகை போய்ச் சேர்கிறது. வீட்டை வாடகைக்கு விடுவதுபோலப் படிப்பை வாடகைக்கு விட்டிருக்கிறார்.

சட்டம் இதை அனுமதிக்கவில்லை. மருத்துவர் எழுதிய சீட்டுக்கு மருந்து கொடுக்கும் உரிமை பதிவு பெற்ற மருந்தாளுநருக்கு மட்டுமே என்கிறது 1948ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42ஆவது பிரிவு. அவருடைய மேற்பார்வையில்தான் வழங்க வேண்டும் என்கிறது 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 65ஆவது விதி. இந்தக் கட்டாயம் இருப்பதால்தான் சான்றிதழுக்குக் கிராக்கி. ஆனால் கிராக்கி காகிதத்துக்குத்தான், ஆளுக்கு இல்லை.

ஏன் இப்படி? கல்லூரிகள் பெருகிவிட்டன என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில். அது பாதிதான் உண்மை. டாக்டரிடம் போனால் ஃபீஸ் கொடுக்கிறோம், வக்கீலிடம் போனால் கொடுக்கிறோம். மருந்தாளுநரின் அறிவுக்கு நம் ஊரில் தனியாக ஒரு பைசாவும் கிடையாது. அவருக்கு வருவது மாத்திரையின் மேல் வைத்த லாபம் மட்டுமே. 2013ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி பட்டியலில் உள்ள மருந்துகளுக்குச் சில்லறைக் கடைக்காரரின் பங்கு 16 சதவீதம். மற்ற மருந்துகளுக்கு வியாபார வழக்கம் 20. பத்து நிமிடம் நின்று பொறுமையாக விளக்கினாலும், அட்டையை வீசிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தாலும் அதே 16, அதே 20. இந்தக் கணக்கில் படித்த பார்மசிஸ்ட் என்பவர் முதலாளிக்கு ஒரு செலவு. போதாக்குறைக்குச் சங்கிலிக் கடைகளும் ஆன்லைன் நிறுவனங்களும் அந்த லாபத்திலேயே கைவைத்துத் தள்ளுபடி அறிவிக்கின்றன. ஆன்லைன் விற்பனைக்கான வரைவு விதிகள் 2018 ஆகஸ்டில் வந்தன. விதிகள் முறைப்படி வரும்வரை விற்காதே என்று அதே ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி உத்தரவிட்டார். சில வாரங்களில் அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. விதிகள் வரைவாகவே கிடக்க, வியாபாரம் மட்டும் நடக்கிறது.

அந்த அறிவுக்கு மதிப்பில்லையா என்றால், கவுன்டரில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் போதும். மூட்டுவாதத்துக்கு எழுதும் மெத்தோட்ரெக்சேட்டை வாரம் ஒரு முறைதான் போட வேண்டும். சர்க்கரை மாத்திரைபோல நினைத்துத் தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜையே பழுதாகும், உயிரும் போகும். உறையின் மேல் ‘வாரம் ஒரு நாள், திங்கள் மட்டும்’ என்று தடித்த பேனாவில் எழுதிக் கொடுப்பவர் ஓர் உயிரைக் காப்பாற்றுகிறார். அது அவருக்கே தெரியாமலும் போகலாம். இன்னொன்று கத்தரிக்கோல். ‘நாலு மாத்திரை போதும்’ என்று கேட்டால், தேதி அச்சிட்ட முனையிலிருந்து வெட்டிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். மிச்சத்தை அடுத்து வாங்குபவரின் கையில் காலாவதித் தேதி இருக்காது. தொழில் தெரிந்தவர் எதிர்முனையிலிருந்து வெட்டுவார். தேதியுள்ள துண்டு கடைசிவரை கடையில் இருக்கும், வாங்குபவருக்கு அதைக் காட்டிவிட்டு வெட்டுவார். இதற்கெல்லாம் ரசீதில் இடம் கிடையாது.

தொழிற்சாலைப் பக்கம் இதே அறிவு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2025இல் பார்த்தோம். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் இறந்தார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அந்த மருந்தின் மாதிரியைத் தமிழக ஆய்வகம் சோதித்தபோது டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்படும் அளவு 0.1. வந்திறங்கும் மூலப்பொருளைச் சோதிக்காமல் தொட்டியில் ஊற்றக் கூடாது என்று குறுக்கே நிற்க வேண்டிய வேலையும் பார்மசி படித்தவருடையதுதான்.

ஆக, வேலை உயிர் சம்பந்தப்பட்டது, கூலி மளிகைக் கடைக் கணக்கில் வருவது. தம்பி மகளுக்குச் சொல்ல வேண்டியிருந்ததும் இதைத்தான். எந்தப் படிப்பில் சேர்வது என்பதை விட, அந்த அறிவுக்கு யார் காசு கொடுக்கப் போகிறார் என்று முதலில் பார்க்க வேண்டும்.

கடைதான் குறிக்கோள் என்றால் இரண்டு ஆண்டு டி.பார்ம் போதும். நான்கு ஆண்டு பி.பார்முக்கும் ஆறு ஆண்டு பார்ம்.டி.க்கும் கவுன்டரில் கூடுதல் உரிமை எதுவும் இல்லை. டிப்ளமோவில் கட்டாயமான 500 மணி நேரப் பயிற்சியைக் கையெழுத்தாக வாங்கி முடிக்காமல் உண்மையாகவே நிற்பவர்களுக்கு அது நல்ல முதலீடு. சொந்தக் கடை வைக்க அரசு கை கொடுப்பதும் உண்டு. 2025 பிப்ரவரியில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டபோது, பார்மசி படித்த தொழில்முனைவோருக்கு மூன்று லட்சம் ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. அரசு வேலை என்றால் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் (எம்.ஆர்.பி.) அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டும். 2022இல் 889 மருந்தாளுநர் பணியிடங்கள் அறிவிக்கப்பட்டன. அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாயில் தொடங்குகிறது. தனியார் கடையில் நிற்பவருக்கு அது எட்டாத தொகை. ஆனால் அந்த அறிவிப்பு எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது.

பி.பார்ம் தன் காசைத் திருப்பித் தருவது கவுன்டருக்கு வெளியே. தரக் கட்டுப்பாடு, தர உறுதி, அரசு அனுமதிக்கான ஆவணப் பணி, மருந்தின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் வேலை, மருந்து ஆய்வாளர் பதவி என்று இவற்றிலெல்லாம் அறிவுக்கே சம்பளம். ஆலத்தூர், ஓசூர் தொடங்கி ஹைதராபாத் வரை ஆலைகள் இருக்கின்றன. ஆனால் மேலே போக எம்.பார்ம் கேட்பார்கள், ஷிஃப்ட் பார்க்க வேண்டும், ஊரை விட்டுப் போக வேண்டும். மெடிக்கல் கோடிங் கம்பெனிகளும் பார்மசி பட்டதாரிகளை அள்ளிக்கொண்டு போகின்றன. அதற்கு உயிரியல் படித்த எந்தப் பட்டதாரியும் போகலாம் என்பதால், அதற்காக நான்கு ஆண்டு மருந்தியலும் வேதியியலும் படிப்பது வீண் என்பது என் கட்சி.

பார்ம்.டி. 2008இல் வந்தபோது, வார்டில் டாக்டருடன் சுற்றி மருந்தைச் சரிபார்க்கும் நிபுணர் உருவாவார் என்றார்கள். படித்தவர்கள் உருவானார்கள், பதவிகள் அந்த வேகத்தில் உருவாகவில்லை. ‘டாக்டர்’ என்ற அடைமொழிக்காக ஆறு ஆண்டு கட்டணம் கட்டும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கா போக நினைப்பவருக்கு மட்டும் இதில் தெளிவான பயன் உண்டு. வெளிநாட்டில் படித்தவர்களுக்கு அங்கே குறைந்தது ஐந்து ஆண்டுப் படிப்பைக் கேட்கிறார்கள். நான்கு ஆண்டு பி.பார்மை வைத்துக்கொண்டு அங்குள்ள தகுதித் தேர்வின் வாசலுக்கே போக முடியாது.

கல்லூரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. புற்றீசல்போலப் பெருகுகின்றன என்று இந்திய பார்மசி கவுன்சிலே 2019இல் புதிய கல்லூரிகளுக்கு ஐந்து ஆண்டுத் தடை போட்டது. வெறும் தீர்மானத்தால் அப்படித் தடுக்க முடியாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே சேரும் முன் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும். கருவிமேல் பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே இருந்தால், வந்த வழியே திரும்பிவிடலாம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, பணம் கட்டும் முன் பத்து நாள் ஒரு கடையில் சும்மா நின்று பார் என்றேன். படித்துவிட்டுத் தானே கவுன்டரில் நிற்கும் ஒரு நண்பரிடம் அனுப்பினேன். நான்காம் நாள் இரவு அழைத்தாள்.

“ஒரு பாட்டி பழைய அட்டையக் கொண்டுவந்து இதே கலர்லதான் வேணும்னு கேட்டாங்க பெரியப்பா. அந்தக் கம்பெனி இப்ப வர்றதில்ல. அதே மருந்துதான், கலர்தான் வேறன்னு அங்கிள் பத்து நிமிஷம் சொன்னாரு.”

“வாங்கிட்டாங்களா?”

“இல்ல. தலையாட்டிக் கேட்டுட்டு, எதிர்க்கடைக்குப் போயி அதே வேற கலரை வாங்கிட்டுப் போனாங்க. அங்க பத்து பர்சென்ட் தள்ளுபடியாம்.”

சிரித்தாள். அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கே கடைக்கு வரச் சொல்லியிருக்கிறார், சீக்கிரம் தூங்க வேண்டும் என்று போனை வைத்துவிட்டாள்.