தண்ணீரைப் பார்த்து மீன் வாங்குங்கள்



மேல்சித்தாமூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். புது வீட்டு ஹாலில் ஆறடி மீன் தொட்டி வைக்கப்போகிறார்களாம். பிள்ளைகள் யூடியூபில் பார்த்துவிட்டு 'சிக்லிட்' மீன்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். "எங்கள் வீட்டில் அசைவம் கிடையாது. பொழுது சாய்ந்தால் சாப்பாடே கிடையாது. புழுவையும் குட்டி மீனையும் உயிரோடு தூக்கிப் போட்டு வளர்க்கிற மீன் எங்களுக்குச் சரிப்படாது. ஒன்றையொன்று கடித்துக்கொண்டு சாகாமல் பத்துப் பதினைந்து மீன் சேர்ந்து இருக்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்களேன்" என்று கேட்டிருக்கிறார்.

ஜினகாஞ்சி சமண மடமும் பார்சுவநாதர் கோயிலும் இருக்கிற ஊர். இந்தக் கேள்வி அங்கிருந்து வராமல் வேறு எங்கிருந்து வரும்? மீனைக் கண்ணாடித் தொட்டியில் அடைப்பதே சரியா என்று அந்த வீட்டுப் பெரியவர்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் வாங்குவது என்று முடிவாகிவிட்டால், வாங்கிய மீன் நன்றாக வாழ வழி பார்க்க வேண்டும் இல்லையா? அதைப் பற்றிப் பேசலாம்.

சிக்லிட் என்றதும் ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்காதீர்கள். நம் ஏரி குளங்களில் கிடைக்கிற ஜிலேபி மீன் இருக்கிறதே, அதுவும் சிக்லிட்தான். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அந்த மீன் 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. வலையில் அகப்பட்ட தாய் ஜிலேபியின் வாயிலிருந்து பொடிப் பொடியாகக் குஞ்சுகள் கொட்டுவதைக் கிராமத்துப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றுகிற மீன் அது. குஞ்சுக்காகவும் இடத்துக்காகவும் எதிரில் வருகிற எதையும் முட்டித் தள்ளும். அதே அக்கறை, அதே முரட்டுத்தனம்தான் இந்தக் குடும்பம் முழுக்க ஓடுகிறது. கடையில் பார்க்கிற ஏஞ்சல், ஆஸ்கார், டிஸ்கஸ், ஃப்ளவர்ஹார்ன் எல்லாமே ஜிலேபிக்குச் சொந்தக்காரர்கள்தான்.

சொந்தக்காரர்கள் என்பதற்காக ஒரே தொட்டியில் விடலாமா? நம்மில் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். கடையில் எல்லாமே ஒன்றரை அங்குலக் குஞ்சாக, பளபளவென்று இருக்கும். மஞ்சளில் இரண்டு, நீலத்தில் இரண்டு, புள்ளி போட்டதில் ஒன்று என்று பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு வருகிறோம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் தொட்டியில் ஒரே ஒரு மீன் கம்பீரமாகச் சுற்றிவரும். மிச்சமெல்லாம் ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் வால் கிழிந்து ஒதுங்கியிருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

நிறத்தைப் பார்த்து மீன் வாங்காதீர்கள். முதலில் உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள்.

மேல்சித்தாமூர் இருக்கிற செஞ்சி வட்டாரம் பாறை பூமி. போர் போட்டால் பாறையைத் துளைத்துத்தான் தண்ணீர் எடுக்க வேண்டும். அந்தத் தண்ணீரைக் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா? பாத்ரூம் குழாயில் சுண்ணாம்புத் திட்டு இருக்கிறதா? சோப்பு நுரைக்க மறுக்கிறதா? அப்படியென்றால் உங்களுடையது கடினத் தண்ணீர். நாம் 'உப்புத் தண்ணி' என்று அலுத்துக்கொள்கிறோமே, அதேதான். சந்தேகம் இருந்தால் மீன் கடையில் பிஎச், ஹார்ட்னஸ் பார்க்கிற சொட்டு மருந்து கிட் கிடைக்கும். ஐந்து நிமிட வேலை.

இந்தத் தண்ணீர் டிஸ்கஸுக்கும் ராமிரேசி என்கிற இன்னொரு சிக்லிட்டுக்கும் ஆகாது. அவை தென் அமெரிக்காவின் மென்மையான, கொஞ்சம் அமிலத்தன்மையுள்ள ஆறுகளில் பிறந்தவை. பண்ணையில் பொரித்த டிஸ்கஸ் ஓரளவு தாங்கும் என்பது உண்மை. ஆனாலும் ஆர்ஓ தண்ணீர் கலந்து கலந்து ஆறடித் தொட்டியைப் பராமரிப்பது யாரால் முடியும்? தவிர, டிஸ்கஸ் வளர்ப்பவர்கள் பலர் மாட்டு இதயத்தை அரைத்துத்தான் போடுகிறார்கள். மேல்சித்தாமூர் வாசகி இந்த வரியோடு அதை மறந்துவிடுவார்.

ஆனால் நாம் அலுத்துக்கொள்கிற அதே உப்புத் தண்ணியைத்தான் இன்னொரு கூட்டம் கேட்டு வாங்கிக் குடிக்கும். கிழக்கு ஆப்பிரிக்காவில் மலாவி என்று ஓர் ஏரி, ஏறக்குறைய 580 கி.மீ. நீளம். அதில் மட்டும் பல நூறு வகை சிக்லிட்கள் இருக்கின்றன. தண்ணீர் ஓரளவு கடினமானது, பிஎச் ஏறக்குறைய 7.7 முதல் 8.6 வரை. கரையோரப் பாறைகளில் வாழ்கிற மீன்களை அங்கே 'ம்புனா' என்கிறார்கள். பெரும்பாலும் நான்கு, ஐந்து அங்குலம்தான் வளரும். நிறமோ கடல் மீனைத் தோற்கடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, பாறைமேல் படிந்த பாசியைச் சுரண்டித் தின்பதுதான் இவற்றில் பலவற்றின் பிழைப்பு. ஸ்பைருலினா கலந்த பெல்லட் போதும். புழு, குட்டி மீன், இறைச்சி எதுவும் வேண்டாம். வேண்டாம் என்பதைவிட, கூடாது. பாசி தின்று பழகிய நீளமான குடலுக்குக் கொழுப்பும் மாமிசமும் சேர்ந்தால் வயிறு ஊதிச் செத்துப்போகலாம். சைவ வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான மீன் எனக்குத் தெரியவில்லை.

ம்புனாவிலும் எல்லாம் சாது கிடையாது. ஆரட்டஸ் என்று ஒன்று, குட்டியில் மஞ்சளும் கறுப்பும் கோடு போட்டு அத்தனை அழகு. வளர்ந்த ஆண் தொட்டியையே பட்டா போட்டுக்கொள்ளும். டெமாசோனி சின்னதுதான், ஆனால் தன் இனத்தையே விடாமல் துரத்தும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் இரண்டையும் தள்ளி வையுங்கள்.

என் சிபாரிசு மூன்று: யெல்லோ லேப், ரஸ்டி, அசீ. மஞ்சள், செம்பழுப்பு கலந்த ஊதா, மஞ்சள் வால் வைத்த நீலம். மூன்றும் ம்புனாவில் நிதானமானவை. ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது என்பதுதான் இங்கே முக்கியம். சிக்லிட் தன்னைப் போலவே நிறமும் உருவமும் உள்ள மீனைப் பார்த்தால்தான் 'போட்டிக்கு வந்துவிட்டான்' என்று அதிகமாகப் பாயும். அழகாக இருக்கிறது என்று மூன்று வகையிலும் நீலமாகவே பொறுக்கினால், சண்டையை நாமே காசு கொடுத்து வாங்குகிறோம் என்று அர்த்தம்.

எத்தனை வாங்குவது? ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத் தொட்டிக்கு வகைக்கு எட்டாக இருபத்து நான்கு. வாசகி கேட்டது பத்துப் பதினைந்து. குறைத்து விட்டால் சண்டை குறையும் என்றுதானே தோன்றும்? ம்புனாவுக்கு அது நேர்மாறு. காலி பஸ்ஸில்தான் துண்டு போட்டு இடம் பிடிக்க முடியும், நெரிசல் பஸ்ஸில் யார் போடுவது? கூட்டமாக இருந்தால் ஒரு மூர்க்கன் ஒரே மீனைக் குறிவைத்துத் துரத்த முடியாது, அடி பரவிப் போகும். ஆணுக்கு இரண்டு மூன்று பெண் இருப்பது நல்லது. குஞ்சில் ஆண் பெண் தெரியாது என்பதால், வளர்ந்த பிறகு கூடுதலாக இருக்கிற ஆண்களைத் திருப்பி வாங்கிக்கொள்கிற கடையாகப் பார்த்துப் பேசிவையுங்கள். எல்லாக் குஞ்சுகளையும் ஒரே அளவில், ஒரே நாளில் விடுங்கள். முதலில் வந்தவன் முதலாளி ஆகிவிடுவான்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. கடைகளில் 'மிக்ஸ்டு ஆஃப்ரிக்கன்' என்று ஒரு தொட்டி இருக்கும், விலையும் மலிவு. எது எந்த வகை, எது கலப்பு என்று விற்பவருக்கே தெரியாது. அதன் பக்கம் போகாதீர்கள். சென்னை போகும்போது கொளத்தூர் பக்கம் எட்டிப் பாருங்கள். வண்ண மீன் தொழிலே அங்கே குடியிருக்கிறது. பெயர் சொல்லிக் கேட்டு, வகை பிரித்து வாங்கலாம்.

பாறை இல்லாமல் ம்புனா இல்லை. பொந்து பொந்தாகக் கல் அடுக்கினால்தான் அடிபட்டது ஓடி ஒளிய முடியும். கல்லுக்குச் செஞ்சியில் பஞ்சமா? கருங்கல் தண்ணீரில் கரையாது, நன்றாகத் தேய்த்துக் கழுவிப் போடலாம். (கோட்டை மலையில் கைவைத்துவிடாதீர்கள், அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.) கல்லை மணல்மேல் வைக்காதீர்கள். இந்த மீன்கள் ஓயாமல் மணலைத் தோண்டும், கல் சரிந்து கண்ணாடியில் விழும். அடியில் தெர்மாகோல் அல்லது ஃபோம் ஷீட், அதன்மேல் கல், கடைசியாகச் சுற்றிலும் மணல்.

எங்களுக்கு ஆஸ்கார்தான் பிடிக்கும், ஃப்ளவர்ஹார்ன்தான் வேண்டும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆஸ்கார் ஓரடி வளரும், வாயில் நுழைகிற எதையும் விழுங்கும். முகம் பார்த்துப் பழகும் என்பது உண்மைதான். அதை வைத்தால் ஜோடியாக மட்டும் வையுங்கள், பெல்லட் போட்டே பழக்குங்கள். வாஸ்து மீன் என்று தலையில் கொழுக்கட்டையோடு விற்கிற ஃப்ளவர்ஹார்ன் மனிதர்கள் கலந்து உருவாக்கிய இனம். தொட்டிக்கு ஒன்று, அவ்வளவுதான். ஏஞ்சல் அடக்கமானது என்று நம்பி சின்னஞ்சிறு நியான் டெட்ரா மீன்களோடு விடுபவர்கள் ஒருநாள் காலையில் நியான்களை எண்ணிப் பார்க்கவும்.

வெளிநாட்டு மீன் எதற்கு என்று கேட்கிறவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. நம் மண்ணுக்கே உரிய சிக்லிட்கள் இருக்கின்றன. கேரளம் மாநில மீனாக அறிவித்து வைத்திருக்கிற கரிமீன் அதில் ஒன்று. முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் அதைக் குஞ்சு பொரிக்க வைக்கிறது. கூடப் பிறந்ததுபோல ஆரஞ்சு குரோமைடு என்று மூன்று அங்குலக் குட்டி மீன். சின்னது பெரியதின் உடம்பிலிருந்து ஒட்டுண்ணிகளைக் கொத்தி எடுக்கிறது என்று 1970-களிலேயே ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். இரண்டுக்குமே கடினத் தண்ணீர் ஒத்துவரும். ஆறடித் தொட்டியில் ஆறேழு கரிமீன் குட்டியும் பத்து ஆரஞ்சு குரோமைடும் விட்டுப் பார்க்க யாருக்காவது துணிச்சல் உண்டா? பளிச்சென்ற நீலம் கிடைக்காது. மற்றபடி எந்தக் குறையும் இல்லை.

இனி கொஞ்சம் கசப்பான கணக்கு. நான் சொன்ன ஆறடித் தொட்டியில் சுமார் 680 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 680 கிலோ. கண்ணாடி, கல், ஸ்டாண்டு தனி. மாடியில் வைப்பதாக இருந்தால் வீடு கட்டிய இன்ஜினீயரைக் கேட்காமல் வைக்காதீர்கள். வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும், ஏறக்குறைய பதினைந்து குடம். குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை இருந்தால் ஆன்டி குளோரின் விட வேண்டும். மே மாதத்தில் உங்கள் போர் வற்றுமா? அப்படியென்றால் நாலடித் தொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குச் சுமார் 255 லிட்டர் போதும், யெல்லோ லேபும் ரஸ்டியும் மட்டும் விடலாம்.

தொட்டி வாங்குவது அப்பா, பெயர் வைப்பது பிள்ளைகள், தண்ணீர் மாற்றுவது அம்மா. பல வீடுகளில் இதுதானே நடக்கிறது? வாங்குவதற்கு முன்பே யார் குடம் தூக்குவது என்று பேசி முடிவு செய்துவிடுங்கள். வெளியேற்றுகிற தண்ணீரைச் சாக்கடையில் விடாதீர்கள். மல்லிகைச் செடிக்கும் முருங்கைக்கும் அது நல்ல உரம்.

தண்ணீர் நிரப்பிய அன்றே மீன் விடக்கூடாது. மீனின் கழிவிலிருந்து வருகிற அம்மோனியாவை மாற்றுகிற நுண்ணுயிர்கள் ஃபில்டரில் வளர மூன்று நான்கு வாரமாவது ஆகும். அதுவரை பிள்ளைகளைச் சமாளிப்பது உங்கள் சாமர்த்தியம். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்குப் போகிற கரண்ட் மாலைதானே வருகிறது? பேட்டரியில் ஓடுகிற ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் கையில் இருக்கட்டும். இருபத்து நான்கு மீன் மூச்சுவிடுகிற தொட்டி அது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மீன் பெருத்துப்போனாலும், வளர்க்க முடியாமல் போனாலும், 'பாவம், உயிரோடு விட்டுவிடலாம்' என்று ஏரியிலோ கிணற்றிலோ விட்டுவிடாதீர்கள். சென்னை ஏரிகளில் இன்று பெருகிக் கிடக்கிற சக்கர் மீன், 'தொட்டியைச் சுத்தம் செய்யும்' என்று சொல்லி விற்ற அதே மீன்தான். ஜிலேபி வந்து நம் நாட்டுக் கெண்டைகளை ஓரம் கட்டியதே போதும். செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னமாகியிருக்கிறது. அங்கே செட்டிக்குளமும் சக்கரக்குளமும் நம் தொட்டி மீன்களுக்குப் புகலிடம் ஆகிவிடக்கூடாது. வேண்டாத மீனைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், காசு தராவிட்டாலும் பரவாயில்லை.

மேல்சித்தாமூர் வாசகியே, முதலில் கிட் வாங்கித் தண்ணீரைப் பாருங்கள். பிஎச் எவ்வளவு வருகிறது என்று எழுதுங்கள், மீதியைப் பிறகு பேசுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்