தொட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுங்கள்!

வீட்டுக்குள் புதிதாக மணி பிளாண்ட் வைத்து இருக்கிறீர்களா? நல்லது. ஆனால், ஆசை மிகுதியால் தினமும் தண்ணீர் ஊற்றாதீர்கள்!

வேருக்கும் காற்று வேண்டும். மண் எப்போதும் சேறாக இருந்தால் வேர் அழுகும், இலை மஞ்சளாகும். அதைத் தாகம் என்று எண்ணி மேலும் ஊற்றினால் செடி செத்துப்போகும்.

விரலை 1 அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்து இருந்தால் மட்டும் ஊற்றுங்கள். ஜன்னல் ஓர வெளிச்சம் போதும்.

தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் தண்ணீரை உடனே கொட்டிவிடுங்கள். பாட்டிலில் வளர்த்தால், வாரம் ஒரு முறை தண்ணீரை மாற்றி, பாட்டிலைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசு முட்டை இடுவது இத்தகைய தண்ணீரில்தான். அந்த முட்டை கொசுவாகிப் பறக்க சுமார் 10 நாட்கள் போதும்.

இலையை மென்றால் வாய் எரியும். குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

செடியும் வாழட்டும், வீடும் வாழட்டும்!