சிவப்பாகப் போனால் சூடு என்று விட்டுவிடாதீர்கள்!

ஆவடி, அம்பத்தூர் தொழிலாளத் தோழர்களே!

மூத்திரம் சிவப்பாகப் போனால் என்ன செய்கிறோம்? உடம்புச் சூடு என்று இளநீர் குடிக்கிறோம். இரண்டு நாளில் தெளிந்ததும் மறந்துபோகிறோம். வலியே இல்லாமல் வந்து தானாக நின்றுவிடும் அந்த ரத்தம் மூத்திரப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம். நின்றுவிட்டாலும் டாக்டரிடம் போங்கள். பெண் தோழர்களுக்கு நீர்க்கடுப்பு மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தே மாதங்கள் ஓடிவிடுகின்றன. அவர்களிடம் இதை இரண்டு தடவை சொல்லுங்கள்.

பெயின்ட் ஷாப்பில் ஸ்ப்ரே கன் பிடிப்பவர்களே, ரப்பர் கலக்குபவர்களே, சாயத்தில் கை நனைப்பவர்களே! சாயத் தொழிலாளருக்கு இந்த நோய் வருவதை 1895லேயே பிராங்க்பர்ட் மருத்துவர் லுட்விக் ரேன் எடுத்துச் சொன்னார். பெயின்டர் வேலையும் ரப்பர் தொழிலும் புற்றுநோய் தருபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதி செய்திருக்கிறது. அரோமாட்டிக் அமீன் என்னும் நஞ்சுகள் மூச்சிலும் தோலிலும் ஏறி, சிறுநீரில் இறங்கி, பையில் மணிக்கணக்கில் தேங்குகின்றன. பீடி, சிகரெட் புகையிலும் அவை உண்டு. அதை நாமே நிறுத்தலாம், இன்றே நிறுத்துங்கள். நோய் தலைகாட்ட இருபது முப்பது வருடம் ஆகலாம். அதற்குள் நிரந்தரத் தொழிலாளி ரிட்டையர் ஆகியிருப்பார், கான்ட்ராக்ட் தோழர் பத்து கம்பெனி மாறியிருப்பார்.

அம்பத்தூரில் டன்லப் என்றால் தெரியாதவர் உண்டா? பிரிட்டனில் அந்த டன்லப் ரப்பரில் சேர்த்த ஒரு ரசாயனத்தில் பீட்டா-நாப்தைலமீன் என்ற அரோமாட்டிக் அமீன் கலந்திருந்தது. அந்த ரசாயனத்தைத் தயாரித்த ஐசிஐ கம்பெனி 1949ல் அதை நிறுத்தியது. ஆனால் அதுவரை சுவாசித்தவர்களைக் கூப்பிட்டுச் சோதிக்காமல் காலம் கடத்தினார்கள். தொழிலாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1972ல் அப்பீல் கோர்ட் இரண்டு கம்பெனிகளையும் பொறுப்பாக்கியது.

நாளை நிர்வாகம் "உங்கள் பரம்பரை அப்படி" என்று சொல்லக்கூடும். அதற்கும் பதில் வைத்திருப்போம். இந்த அமீன்களை முறிக்கும் ஈரல் நொதி சிலருக்குப் பிறவியிலேயே மெதுவாக வேலை செய்யும். அவர்களுக்கு ஆபத்து அதிகம். ஐசோனியசிட் என்ற டிபி மாத்திரையை முறிப்பதும் அதே நொதிதான். 1956ல் தொடங்கிய மெட்ராஸ் டிபி ஆய்வு மையம் அந்த மாத்திரையை வைத்து நோயாளிகளைப் பரிசோதித்தபோது மெதுவானவர்களே அதிகம் இருந்தார்கள். அப்படியானால் நம் ஷாப்பில் பாதிக்கு மேல் அப்படி இருக்கலாம். மரபைச் சொல்லி ஆளைக் கழிக்க விடமாட்டோம். மாற வேண்டியது ஷாப்பின் காற்று!

எந்த டிரம்மில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். போபால் விஷவாயு விபத்துக்குப் பின் 1987ல் தொழிற்சாலைச் சட்டத்தில் ஏறிய உரிமை அது. எந்தப் புதுச் சட்டத்தொகுப்பு வந்தாலும் விடமாட்டோம். புகையை உறிஞ்சி வெளியேற்றும் விசிறி, சரியான மாஸ்க், வருடம் ஒருமுறை சிறுநீர்ப் பரிசோதனை, கான்ட்ராக்ட் தோழருக்கும் அதே பரிசோதனை: இவற்றை எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். திங்கட்கிழமை, முதல் ஷிப்ட் முடிந்ததும் கேட் முன் கூடுங்கள்.

அதற்கு முன், இந்த ஞாயிறு, பட்டாபிராமிலும் திருமுல்லைவாயலிலும் இருக்கிற நம் ரிட்டையர் ஆன பெயின்டர்களின் கதவைத் தட்டுங்கள். சிவப்பாகப் போனதுண்டா என்று கேளுங்கள். தயங்கினால் கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.